ஊசி நோட்டு

சித்ரகலா: எலியா? எலி கடிச்சுதுன்னா சொல்றீங்க?

செல்லத்தாய்: பனியன்ல ஓட்டை இருக்குல்ல டீச்சர். ஓட்டைன்னா எலிதான்.

சித்ரகலா: ஏனுங்க்கா, எலி ஸ்கேல் வெச்சா கடிக்கும்? பாருங்க, தையல் ஓரமாவே வரிசையா… குட்டி குட்டியா…

செல்லத்தாய்: திருப்பூரு எலி. கம்பெனிலயே பொறந்து வளந்தது. தொழில் தெரிஞ்சிருக்கும்.

சித்ரகலா: சிரிக்காதீங்க.

செல்லத்தாய்: நீதான் தாயி சிரிக்கிற.

சித்ரகலா: நான் சிரிக்கல. இன்னைக்குச் சிரிக்கற நாளில்லீங்க்கா. மணி அஞ்சே முக்கால். இந்த ஓட்டை எதனாலன்னு ஆறு மணிக்குள்ள நீங்க பதில் சொல்லோணும்.

செல்லத்தாய்: ஆறு மணிக்கு என்ன? நாளைக்கு வந்து சொல்றேன்.

சித்ரகலா: நாளைக்கு இந்த ரூமே இருக்காது. அட்டப்பொட்டி அடுக்கப் போறாங்களாமா. மேனேஜர் ராசப்பன் சார் மத்தியானமே வந்து இடத்த அளந்துட்டுப் போயிட்டாரு.

செல்லத்தாய்: அட்டப்பொட்டியா… இங்கிட்டா?

சித்ரகலா: ஆமாங்க. ட்ரெய்னிங் இன்னையோட முடிஞ்சுது. நீங்க சொல்லிட்டா நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அவிநாசி ரோட்டு யூனிட்ல செக்கர் வேலை. சொல்லலீன்னா அந்த எடம் வேற ஆளுக்கு. நீங்க மறுக்கா நூல் பிசிறு வெட்டத்தான் போகோணும்.

செல்லத்தாய்: வெட்டுறேன். பதினோரு வருசமா வெட்டின கைதானே.

சித்ரகலா: அப்பறம் எதுக்குங்க இந்தக் கிளாசுல சேந்தீங்க?

செல்லத்தாய்: சேவு திங்கிறியா? சாத்தூருக் காரச்சேவு. ஊருக்குப் போன ஒருத்திகிட்டச் சொல்லி வாங்கியாரச் சொன்னேன்.

சித்ரகலா: பேச்ச மாத்தாதீங்க.

செல்லத்தாய்: மத்தியானம் சாப்பிட்டியா? சாப்பிடல. மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா. இந்தா, புடி.

சித்ரகலா: குடுங்க. ஆனாப் பீஸ் மேல எண்ணெய் பட்டா நீங்கதான் தொவைக்கோணும்.

செல்லத்தாய்: அதுவும் ஒரு பிரச்சனைன்னு கொட்டி வச்சுருவியே. “இந்தக் கறை எங்கிருந்து வந்துச்சு, கண்டுபுடி”ன்னு.

சித்ரகலா: அதானுங்க பாடம். பொஸ்தகம் வெச்சு நடத்துனா ஆருக்கு மண்டைல ஏறும்? கெட்ட பீஸக் கொட்டறன். எந்த மிஷின்ல கெட்டுது, எதனால, எப்படி நிறுத்தறதுன்னு நீங்களே தேடோணும். நாளைக்கு லைன்ல நிக்கறப்பப் பக்கத்துல நான் இருக்க மாட்டேனில்ல.

செல்லத்தாய்: இருக்க மாட்ட.

சித்ரகலா: பத்தொம்பது பேரு தேடிக் கண்டுபுடிச்சுட்டுப் போயிட்டாங்க. கவிப்பிரியா கால் மணி நேரத்துல சொன்னா.

செல்லத்தாய்: கவிப்பிரியா கெட்டிக்காரி.

சித்ரகலா: நீங்க மட்டும் என்னவாமா? கறை, நூல் உட்டது, சைஸ் மாறுனது… எல்லாத்தையும் மொத ஆளாச் சொன்னவங்க. கடைசியா இந்த ஓட்டைல வந்து நின்னுட்டீங்க. ஒரு தடவையில்ல, மூணு தடவை. சரி, நானே தொடங்கறன். இந்த மூட்டைல நாப்பது பீஸு. எத்தனைல ஓட்டை?

செல்லத்தாய்: பதினொண்ணு.

சித்ரகலா: எந்தப் பக்கம்?

செல்லத்தாய்: வலது பக்கம்.

சித்ரகலா: அந்தப் பதினொண்ணும் எந்த மிஷின்ல தெச்சது? சீட்டு கட்டியிருக்குது, பாருங்க.

செல்லத்தாய்: எழுத்து சரியாத் தெரியல தாயி.

சித்ரகலா: நேத்து இதே கையெழுத்த அந்தக் கோடீல இருந்து படிச்சீங்க.

செல்லத்தாய்: நேத்து வெளிச்சம் இருந்துச்சு.

சித்ரகலா: மூணாம் நம்பர் மிஷினுங்க! நானே சொல்லிட்டேன், போதுமா? இப்பச் சொல்லுங்க, மூணாம் நம்பர்ல என்ன கோளாறு?

செல்லத்தாய்: அது நல்லாத்தான ஓடுது.

சித்ரகலா: நல்லா ஓடுதுன்னு எப்படீங்க தெரியும்? இன்னும் அதுல நீங்க உக்காரவே இல்லியே.

செல்லத்தாய்: சும்மா… சத்தம் கேட்டேன்.

சித்ரகலா: மிஷின் ஓடவே இல்லீங்க்கா. காலைல இருந்து சுவிட்சே போடல.

செல்லத்தாய்: அப்ப நேத்துக் கேட்டிருப்பேன். வயசாச்சுல்ல.

சித்ரகலா: நாப்பத்தி ஆறு ஒரு வயசா? இங்க பாருங்க. மூணாம் நம்பர்ல முனை மழுங்குன ஊசிய நாந்தான் மாட்டி வெச்சேன். அதான் துணிய அறுத்து ஓட்டை போடுது. அதானுங்க பதில். கிளாசுக்கு முந்திப் போயி அந்த ஊசியக் கழட்டிப் பாத்தேன். புதுசா இருக்குது.

செல்லத்தாய்: அப்படியா…

சித்ரகலா: ஆருங்க மாத்துனது?

செல்லத்தாய்: கம்பெனில எத்தனையோ பேரு வாராக, போறாக…

சித்ரகலா: இந்தக் கம்பெனில பழைய ஊசியக் குடுக்காம ஆருக்கும் புது ஊசி கெடைக்காது. பழசு நோட்டுல டேப் போட்டு ஒட்டியிருக்கும். பக்கத்துல வாங்குனவங்க கையெழுத்து இருக்கும். ஸ்டோர்ல நஞ்சப்பண்ணன்கிட்டச் சொல்லி நோட்ட வாங்கியாந்துட்டேன். இந்தப் பைலதான் இருக்குது.

செல்லத்தாய்: அத எதுக்கு நீ வாங்குன?

சித்ரகலா: மூணாம் நம்பர் மிஷின், செவ்வாய்க்கெழமை, செ. செல்லத்தாய். நாலாம் நம்பர் மிஷின், அதுக்கு முந்துன வாரம், செ. செல்லத்தாய். ரெண்டாம் நம்பர்… அது மொத தடவை கேட்டேனே, அதே நாளு. மூணு ஊசி ஒட்டியிருக்குது. மூணுக்கும் உங்க கையெழுத்து. கேட்ட அன்னைக்கே கண்டுபுடிச்சிருக்கறீங்க. மூணு தடவையும். அப்பறம் இங்க வந்து எலிங்கறீங்க.

செல்லத்தாய்: கட்ட வெரல் நகத்துல உரசிப் பாத்தேன். முனை கெட்டுக் கோடு போட்டுச்சு. அதான்.

சித்ரகலா: தெரியாதவங்களாட்ட நடிக்கறதுன்னா ஊசிய அப்படியே உட்டிருக்கலாமில்ல? எதுக்குப் போயிக் கையெழுத்துப் போட்டீங்க?

செல்லத்தாய்: விட மனசு வரல தாயி. தெரிஞ்சே ஒரு கெட்ட ஊசிய மிஷின்ல விட்டுட்டு எப்படிப் போக? யாராவது தெரியாம உக்காந்து தெச்சா நல்ல துணியில்ல நாசமாப் போகும்.

சித்ரகலா: இப்படிப்பட்டவங்கதாங்க செக்கரா இருக்கோணும்.

செல்லத்தாய்: எனக்கு வேணாம்.

சித்ரகலா: ஏனுங்க?

செல்லத்தாய்: ரூம்ல நாலு ஒடிசாப் புள்ளைக. தங்கமான புள்ளைக. அதுக பேச்சு எனக்குப் புரியாது, எம்பேச்சு அதுகளுக்குப் புரியாது. பாத்தா சிரிச்சுக்கிருவோம். எங்க வீட்டுக்காரரு போயி ஒம்பது வருசம். மக புருசனோட சூரத்துல இருக்கா. ஞாயித்துக்கெழம ஃபோன் பண்ணுவா… “சாப்பிட்டியாம்மா, சரி வச்சிர்றேன்.” அவ்வளவுதான்.

சித்ரகலா: ம்…

செல்லத்தாய்: பிசிறு வெட்டுற எடத்துல தலைய நிமித்துனா ஏச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்கிட்டு வந்தா நீ ஒரு பனியனக் கையில குடுத்து, “உங்களுக்கு என்னங்க்கா தோணுது”ன்னு கேப்ப. பதினோரு வருசத்துல எங்கிட்ட அப்படி ஒருத்தரும் கேட்டதில்ல தாயி. பதிலச் சொல்லிட்டா மறுநாள் அஞ்சு மணிக்கு நான் எங்கிட்டுப் போக? கோவமா?

சித்ரகலா: இல்லீங்க.

செல்லத்தாய்: கண்ணத் தொடைக்கிற.

சித்ரகலா: காரச்சேவு.

செல்லத்தாய்: உனக்கென்ன தாயி… சொந்த ஊரு, சொந்த வீடு. குன்னத்தூரு பஸ் ஏறுனா வீட்டு வாசல்ல எறக்கி விடுவான்.

சித்ரகலா: எறக்கி உடுவான். பூட்டு தொங்கும். சித்திரைல எங்கம்மா போனதுல இருந்து நாந்தான் பூட்டறன், நாந்தான் தெறக்கறன். ஊட்ல டிவி பேசும், நான் கேட்டுக்குவேன். சாப்பிட்டியான்னு என்னக் கேக்கற ஒரே ஆளு நீங்கதான்.

செல்லத்தாய்: இத்தன நாளு சொல்லவே இல்லியே நீ.

சித்ரகலா: நீங்க கேக்கறப்ப எல்லாம் பேச்ச மாத்திருவேன். உங்ககிட்டப் படிச்சதுதான்.

செல்லத்தாய்: சரி, கேட்டுக்க. நான் செஞ்சது தப்பு. நீ மெனக்கெட்டுச் சொல்லிக் குடுத்த, நான் தெரியலன்னு உன் மூஞ்சியப் பாத்தே பொய் சொன்னேன். உனக்கு மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு வச்சுப் பேசத் தெரியாது. உன்னப் போயி ஏமாத்திட்டேன். மன்னிச்சிரு தாயி.

சித்ரகலா: அப்படிச் சொல்லாதீங்க…

செல்லத்தாய்: சொல்லணும். இப்பச் சத்தமாவே பதில் சொல்றேன். மூணாம் நம்பர் மிஷின், மழுங்குன ஊசி, மாத்துனா சரியாயிரும். போதுமா? பாஸா?

சித்ரகலா: பாஸுங்க.

செல்லத்தாய்: வேலைக்குப் போறேன். உனக்காகப் போறேன். வேலை ஆர்டர் எப்ப வரும்? நாளைக்கு எட்டு மணிக்குள்ள எழுதி, கையெழுத்து வாங்கி… முடியுமா தாயி? என்ன, பையத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிற? அது என்ன கவரு? எம்பேரு போட்டிருக்கு… மூலையெல்லாம் கசங்கிப் போயிக் கெடக்கு.

சித்ரகலா: உங்க ஆர்டருங்க்கா, வந்து இருவது நாளாச்சு. நீங்க மொத ஊசிய மாத்துன அன்னைக்கே நோட்டப் பாத்து, பாஸுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த ரெண்டு ஊசியும் நானே கல்லுல தேச்சு மழுக்கிப் போட்டதுங்க… நீங்களும் போயிட்டா அஞ்சு மணிக்கு இந்த ரூம்ல நான் மட்டும் என்னங்க்கா பண்ணுவேன்?