இடப்பக்கத்தில் ஓர் ஓட்டை அதிகம்

நீர்மூழ்கிக் கப்பலில் ஓட்டையே இருக்கக் கூடாது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நடந்ததை மட்டும் சுருக்கமாக எழுதச் சொல்லித் தாளைக் கொடுத்தீர்கள். ஆனால் ஓட்டை விஷயத்தைச் சொல்லாமல் மற்றது விளங்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கிக்கு உடல் இரண்டு. உள்ளே ஆட்களும் எஞ்சினும் இருக்கும் கெட்டியான உருளை ஒன்று. அதற்குள் ஒரு சொட்டு நீர் வரக் கூடாது. அதன் மேல் சட்டை மாட்டியதுபோல மெல்லிய தகட்டில் இன்னொரு கூடு. கப்பல் மூழ்கும்போது இந்த வெளிக்கூட்டுக்குள் நீர் சட்டென்று புக வேண்டும். புகாவிட்டால் உள்ளே சிக்கிய காற்று கப்பலை மேலேயே நிறுத்தி வைக்கும். தலைக்கு மேல் விமானம் வரும்போது அரை நிமிடம் என்பது பெரிய காலம். அதற்காகத்தான் வெளிக்கூடு முழுக்க வரிசை வரிசையாக ஓட்டைகள். அவற்றின் ஒழுங்கு கட்டிய தளத்துக்குத் தளம் மாறும். நான் செய்த கப்பலில் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றுபோல் இல்லை.

நான் செய்வது எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. அறுபத்தேழு மீட்டர்க் கப்பல் என் மேசையில் தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர். பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியில் வரும். ஆனால் அதில் ஓட்டைகள் வெறும் பள்ளமாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் துளைத்து, அரம் போட்டு, விளிம்பை மெலிதாக்க வேண்டும். நான் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் காலை நேர வேலை பார்க்கிறேன். மாதிரிக் கப்பல் செய்யவும் அதே கருவிகள்தான். கப்பலுக்கு மூன்று வருடம் ஆனது. இப்போது அது உங்கள் அலமாரியில் இருக்கிறது. தூக்குவதானால் நடுவில் நிற்கும் கோபுரத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் கை கொடுங்கள்.

"இது எத்தனை பேரைக் கொன்ன கப்பல்னு தெரியுமாடா?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். தெரியும். ஆனால் வரைபடத்தில் அது வராது.

அக்கா வீட்டில்தான் எனக்கு அறை. அத்தான் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபின், படி இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பொழுது போகாமல் என் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார்.

"இதுல கண்டக்டர் எங்கப்பா உக்காருவாரு?"

"கண்டக்டர் எல்லாம் கிடையாது அத்தான். அம்பது பேரு, ஆளுக்கொரு வேலை."

"அம்பது பேருக்கு எத்தனை கக்கூஸு?"

"ரெண்டு. கிளம்பும்போது ஒண்ணுல சாப்பாட்டு மூட்டைய அடுக்கிருவாங்க."

"அப்ப சண்டை வெளியில நடக்கல மாப்ளே, உள்ளதான் நடந்திருக்கு."

நான் சொல்வதை முழுதாகக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். நீர் எப்படிப் புகும், காற்று எப்படி வெளியேறும், பெரிஸ்கோப் கண்ணாடி எப்படித் திரும்பும் என்று எல்லாவற்றையும் கேட்டார். திரும்பச் சொல்லியும் காட்டினார். அவர் மனம் மகிழட்டும் என்று, கப்பலின் பழைய புகைப்படத்தையும் ஒரு பூதக்கண்ணாடியையும் நானே கையில் கொடுத்தேன்.

அவர் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ளே, கோச்சுக்காத. எடப்பக்கம் ஒண்ணு கூட இருக்கு."

"இருக்காது அத்தான்."

"பின்னாடிலேருந்து எண்ணு. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவுல படத்துல ஒண்ணுமே இல்ல. நீ ஒண்ணு போட்டு வச்சிருக்க."

நான்கு முறை எண்ணினேன். அவர் சொன்னது சரி. வலப்பக்கத்துக்கு வெட்டிய காகித அச்சை அப்படியே திருப்பி இடப்பக்கத்துக்கு வைத்திருக்கிறேன். எந்த வாயிலும் இடப்பல்லும் வலப்பல்லும் ஒன்றுபோல் இராது என்பது என் தொழிலில் முதல் பாடம். இருபது வருடம் அந்த வேலை பார்த்தவன் செய்த பிழை அது.

அத்தானிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவருக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அக்காவுக்குத் தெரிந்தது. மறுநாள் மேல்வீட்டு அம்மாவுக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் தெரிந்தது. "ஓட்டை வந்தாச்சு, தட்டை எடு" என்று சாப்பாட்டு மேசையில் சொல்வார். அக்கா சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரிக் கப்பல்களின் போட்டி இருந்தது. அத்தான் புதுச் சட்டை வாங்கி வரச் சொல்லியிருந்தார். டாக்டரிடம் கெஞ்சி, படி இறங்க அனுமதியும் வாங்கிவிட்டார்.

"நடுவருங்ககிட்ட நானே சொல்றேன், அந்த ஓட்டைய யாரு கண்டுபிடிச்சதுன்னு."

"அதை அடைச்சிட்டேன் அத்தான். இப்ப தெரியாது."

அடைத்துத்தான் இருந்தேன். பட்டி மாவு பூசி, தேய்த்து, அதே சாம்பல் நிறம் அடித்திருந்தேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. தோளில் தட்டினார்.

"சூப்பர்டா. ஆனா அடைச்சா என்ன? கதை இருக்கே!"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது அதிலும் சரிதான். கப்பலில் அந்த ஓட்டை இப்போது இல்லை. அது இருந்த இடம் அவர் வாய் ஒன்றுதான்.

போட்டிக்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமை மதியம், அக்கா வேலைக்குப் போயிருந்தாள். மேல்தளத்தை உடலோடு ஒட்டுவதுதான் பாக்கி. அதற்கு இரண்டு குழாய்ப் பசை வேண்டும். இரண்டிலிருந்தும் சம அளவு பிதுக்கிக் கலக்க வேண்டும். ஐந்து நிமிடப் பசை என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அதை நம்பக் கூடாது. இவ்வளவு நீளமான பாகத்தைப் பதினைந்து நிமிடமாவது இரு கையாலும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இடையில் விட்டால் தளம் வில்போல் வளைந்துவிடும்.

அத்தான் கூடத்து நாற்காலியில் இருந்தார்.

"மாப்ளே, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குப்பா. சட்டைப் பையில மாத்திரை இருக்கு, கொஞ்சம் எடுத்துக் குடு."

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. சட்டை படுக்கையறைக் கொக்கியில் தொங்கியது. என் மேசையிலிருந்து பதினோரு அடி தூரம்.

"பசை போட்டுட்டேன் அத்தான்" என்றேன்.



"எவ்ளோ நேரம்பா ஆகும்?"

"கால் மணி."

"சரி சரி. கைய எடுத்துடாத, கோணிக்கும்."

அவருக்குப் பசையைப் பற்றித் தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பிறகு நாற்காலியின் கால் தரையில் தேய்வது கேட்டது. ஒருமுறை "மாப்ளே" என்றார், கூப்பிடுவதுபோல் இல்லை, ஏதோ நினைவு வந்து சொல்வதுபோல். நான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்நுனியிலிருந்து பின்நுனிவரை ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை. இவ்வளவு நேராக ஒட்டிய தளத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. பசை இறுகியதை நகத்தால் சோதித்தேன். எழுந்துபோய் மாத்திரையை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். அதன்பின் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

இழவுக்குக் கூடியிருந்தவர்களிடம் அக்கா எனக்காகப் பேசினாள். "வேலையில உக்காந்துட்டா அவனுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. பாவம், அவன் என்ன பண்ணுவான்?" நான் திருத்தவில்லை.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "முதல் தடவை அவரு கூப்பிட்டது ஸ்கூல் வேன் வந்தப்போன்னு மேல்வீட்டம்மா சொல்றாங்க. மூணு நாப்பது. நீங்க போன் பண்ணது நாலு மணி நாலு நிமிஷம். பசைக்குப் பதினஞ்சு போனா மிச்சம் ஒம்போது எங்க சார்?" நல்ல கேள்வி. உங்களுக்கு எண்ண வருகிறது.

அந்த ஒன்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு விளிம்பையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட ஐந்து நிமிடம். பிதுக்கிக் கலக்க இரண்டு. குச்சியால் விளிம்பு முழுக்கத் தடவ இரண்டு. பதினைந்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அதாவது, அவர் கூப்பிட்டபோது பசைக் குழாய்கள் இரண்டும் மூடியோடு மேசையில் கிடந்தன. என் கை இரண்டும் சும்மாதான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அவர் வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். போட்டுட்டேன் என்று சொன்னேன். சொன்னபின் அந்த வார்த்தை எனக்கு உறுத்தியது.

இந்த மூன்று வருடத்தில் கப்பலைப் பற்றி அத்தானிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அதனால்தான் மூடியைத் திறந்தேன்.