கிணத்தில பாதி

இல்லைப் பிள்ளை, அவருக்கு மூளை நல்ல தெளிவு. அதில நீர் பயப்பிடத் தேவையில்லை. எண்பத்தொன்பது வயசு, விழுந்து இடுப்பு முறிஞ்ச பிறகு கட்டிலும் கதிரையும்தான். கை நடுங்கும். கையெழுத்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும், அதாலதான் வங்கிக்காரர் திருப்பித் திருப்பி அனுப்புறாங்கள். ஆனா கேள்வி கேட்டுப் பாரும். ஆர் ஆருக்கு எந்த வருசம் எந்தக் காணி எழுதினது எண்டு நாலு எல்லையோட சொல்லுவார். முப்பது வருசம் போஸ்ட்மாஸ்டரா இருந்த மனுசன். ஒண்டும் மறக்கேல்லை. மறந்திருந்தா, உறுதி எழுதிற நொத்தாரிசு எண்டு நான் உம்மைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கமாட்டன்.

இஞ்சால தள்ளி இரும். அதில தண்ணி தெறிக்கும், பைல் நனைஞ்சிடும். இந்தப் போட் நயினாதீவுக்குப் போய்ச் சேர இருவது நிமிசம் எடுக்கும், இண்டைக்குக் காத்தும் கொஞ்சம் கூட.

என்ன முறையோ? மாமா. அம்மாவின்ர கூடப்பிறந்த தமையன். ஏரம்பு மாமா. அவருக்குப் பிள்ளை ஒண்டுதான், லவன், கனடாவில. அவன்தான் போனில சொன்னவன், மச்சான், எனக்கு இப்போதைக்கு வர ஏலாது, நீயே அற்றோணி அதிகாரப் பத்திரம் எடுத்து அப்பாவின்ர பென்சன், வங்கி, ஆசுப்பத்திரி எல்லாத்தையும் பார் எண்டு. அவனுக்கு நான் நல்லவன். ஊருக்கும் நல்லவன். காலமை கடை திறக்க முதல் போய்த் தாடி வழிச்சு விடுறன், குளிக்க வாக்கிறன், மருந்து குடுக்கிறன். கோயிலுக்கு வாற சனம் என்ர கடையில நிண்டு சொல்லுங்கள், தயாபரன், பெத்த பிள்ளை கூட இப்பிடிப் பாக்காது எண்டு. நான் ஓம் எண்டிட்டுக் கற்பூரத்தை எடுத்துக் குடுப்பன்.

ஓ, அதைத்தானே உம்மட கந்தோரிலயும் கேட்டனீர். காணி, வீடு எழுதிற அதிகாரம் இருந்த பந்தியை ஏன் வெட்டச் சொன்னனான் எண்டு. மற்றச் சனம் முதல் கேக்கிறதே அதைத்தான், என்ன? தெரியும். நீர் என்னைப் பெரிய நேர்மையான ஆள் எண்டு நினைச்சிருப்பீர். அப்பிடி நினையாதையும். உம்மட அப்பாவும் நானும் ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள், அதால உமக்குச் சொல்லுறன்.

அம்மாவின்ர கலியாணத்துக்குச் சீதன உறுதிப் பத்திரம் எழுதேக்க அவவின்ர தேப்பன் உயிரோட இல்லை. மாமாதான் நொத்தாரிசிட்டப் போய் எழுதுவிச்சவர். வளவை ரெண்டாப் பிரிச்சு, கிழக்குப் பாதி அம்மாவுக்கு, கிணறு இருந்த மேற்குப் பாதி தனக்கு. சரி. அப்பிடிப் பிரிச்சா உறுதியில ஒரு வரி வரும், உமக்குத் தெரியாததே, கிணத்தில பங்கும் போய்வாற வழியும் சேர்த்து எண்டு. அந்த வரி இல்லை. மறந்திட்டாரோ? ஓம், அப்பிடித்தான் அம்மாவும் சொல்லுவா. தமையன்தானே, கிணறு எங்க ஓடப்போகுது எண்டு ஒருத்தரும் வாசிச்சுப் பாக்கேல்லை. எங்கட சனத்தின்ர பிழை அதுதான் பிள்ளை. சந்தையில ஒரு மீனைச் செவுள் பிரிச்சுப் பாத்து வாங்குவம். கூடப்பிறந்தவன் நீட்டிற கடுதாசியை வாசிக்கிறது மரியாதையில்லை எண்டு நினைப்பம்.

கன வருசமா நடு வேலியில ஒரு பொட்டு இருந்தது. ஓம், ஆள் நுழையிற அளவு. அதுக்குள்ளால போய் அள்ளினம். பிறகு எங்கட ஆடு ஒண்டு அவற்ற வாழைக்குட்டியைக் கடிச்சுது. ஆடுதான் பிள்ளை, வேற ஒண்டுமில்லை. அடுத்தநாள் விடிய எழும்பிப் பாத்தா பொட்டைக் காணேல்லை. பனை மட்டையால இறுக்கி அடைச்சு முள்ளுக்கம்பியும் இழுத்திருக்கு. அம்மா படலையில போய்க் கேட்டவ. உறுதியைக் கொண்டு வா, அதில எழுதியிருந்தா அள்ளு எண்டவர்.

எங்கட பாதியில நாங்களும் ஒண்டு வெட்டிப் பாத்தம். உவர். வாயில வைக்க ஏலாது. உப்புக் கடலுக்கு நடுவில இருக்கிற ஊரில நல்ல தண்ணி எண்டா என்னெண்டு உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. முக்கால் மைல் நடந்து போய், வரிசையில நிண்டு, அம்மா ரெண்டு குடம், நான் ஒரு வாளி. பதினொரு வயசு எனக்கு.

எனக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்ட கிழமைதான் மறக்கேலாது. காய்ச்சல் எண்டா அப்பிடிக் காய்ச்சல். என்னைத் தனிய விட்டிட்டு அவ்வளவு தூரம் போகப் பயந்து, அம்மா வெறுங்குடத்தோட மாமாவின்ர படலையில போய் நிண்டவ. யன்னலால எனக்குத் தெரியுது. அவர் விறாந்தையில கதிரை போட்டு பேப்பர் வாசிக்கிறார். அம்மா கூப்பிடேல்லை, நிக்கிறா. அவர் நிமிரேல்லை, ஒற்றையைப் பிரட்டுறார். பேப்பர் முழுக்க வாசிச்சு முடிச்சு, மடிச்சு வைச்சிட்டு உள்ளுக்க போயிட்டார். அம்மா திரும்பி வரேக்க தெருவால மார்க்கண்டு அண்ணை சைக்கிளில வாறார், இண்டைக்கு எங்களுக்குச் சாட்சி வைக்க வாற அதே மார்க்கண்டு அண்ணைதான். அவரைக் கண்ட உடன அம்மா அந்த வெறுங்குடத்தை இடுப்பில வைச்சு, நிறைகுடம் மாதிரி ஒருக்களிச்சு நடந்து வந்தவ. தமையன் தண்ணி தந்தவர் எண்டு ஊர் நினைக்கட்டுமாம்.

இவ்வளவு காணுமே, இல்லை இன்னும் சொல்லவோ?

அம்மா செத்துப் பதினாலு வருசம். சாகுமட்டும் தமையனைப் பற்றி ஒரு பிழைச்சொல் சொல்லேல்லை. மன்னிச்சிட்டாவோ தெரியாது. நான் கேக்கேல்லை. கேட்டிருந்தா, ஓமடா எப்பவோ மன்னிச்சிட்டன் எண்டிருப்பா. பிறகு எனக்கு எண்டு என்ன மிஞ்சும்? சில நேரம் யோசிக்கிறனான், இது அம்மாவுக்காகவோ, இல்லை யன்னலுக்கால பாத்துக்கொண்டு கிடந்த எனக்காகவோ எண்டு. அவரைக் குளிக்க வாக்கேக்க முதுகு எலும்பு எலும்பாத் தெரியும், அம்மாவின்ர முதுகு மாதிரியே இருக்கும். அப்ப ஒரு மாதிரி வரும். துவாயால துடைச்சு விட அது போயிடும்.

ஓம், வஞ்சம்தான். வேற சொல்லு என்னத்துக்கு? இந்த அற்றோணியில அவர் கையெழுத்து வைச்சா, இனி ஒரு பனடோல் வாங்கவெண்டாலும் என்னட்டக் கேக்கவேணும். நான் இல்லையெண்ணமாட்டன், குடுப்பன். ஆனா கேக்கவேணும். கேட்டிட்டுக் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு இருக்கவேணும். நானும் பேப்பர் வாசிக்கிறனான்.

கிணறோ? இல்லை இல்லை, நீர் அப்பிடி நினைக்கிறீரோ? அற்றோணியை வைச்சுக் கிணத்தை என்ர பேருக்கு மாத்தப்போறன் எண்டு? அப்பிடியெண்டா அந்தப் பந்தியை ஏன் பிள்ளை வெட்டச் சொல்லப்போறன்? அந்தத் தண்ணி இப்ப ஆருக்கு வேணும்? வீட்டுக்கு வீடு குழாய் வந்திட்டுது. கிணத்துக்குள்ள ஆலங்கண்டு முளைச்சுக் கிடக்கு.

அந்தா, கோயில் கோபுரம் தெரியுது. வந்திட்டம். கொஞ்சம் பொறும், சனம் இறங்கட்டும்.

இறங்க முதல் ஒண்டு சொல்லவேணும். அவர் இண்டைக்கு விடிய நாலு மணிக்கே எழும்பி, என்னைக்கொண்டு வேட்டி கட்டுவிச்சு, சால்வையும் போட்டு, விபூதியும் பூசி இருக்கிறார். இந்த அற்றோணிக்காக இல்லை. விழுந்த நாள் தொடக்கம் என்ர கையைப் பிடிச்சு ஒரே கதைதான். தம்பி, ஒரு நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு வா, கொம்மாவின்ர கிணத்துப் பங்கை உனக்கு எழுதித் தந்திட்டுத்தான் நான் கண்ணை மூடவேணும் எண்டு. அழுவார். நொத்தாரிசுக்குச் சுகமில்லை, கடல் சரியில்லை, தேர்தல், கோயில் திருவிழா எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிச் சொல்லி மூண்டு வருசத்தை ஓட்டிப்போட்டன். போன மாசம் ஒரு கெட்டிக்காரக் கதை சொன்னார், அப்ப அற்றோணியைத் தாறன், அதை வைச்சு நீயே எழுதி எடு எண்டு. அதுதான் அந்தப் பந்தி வேண்டாம் எண்டனான். எனக்கு அதிகாரம் இல்லை மாமா எண்டு சொல்ல ஏலும்தானே.

என்னை அப்பிடிப் பாக்காதையும். ஒண்டும் களவெடுக்கேல்லை, ஒண்டும் பறிக்கேல்லை. அவர் தாறதை வாங்காமல் விடுறன், அவ்வளவுதான். அதைத் தந்திட்டு அவர் நிம்மதியாப் போகக்கூடாது.

நீர் பேப்பரை வாசிச்சு முடிய, பிள்ளை, இதில கிணறு வரேல்லையே எண்டு கேப்பார். அதுக்குச் சேவையர் வந்து அளக்கவேணும், வேற உறுதி முடிக்கவேணும், அடுத்த முறை வரேக்க பாப்பம் எண்டு சொல்லும். அது பொய்யில்லைத்தானே? சேவையர் வேணும்தானே?

நான் சொன்னா இப்ப நம்புறாரில்லை. நீர் சொன்னா நம்புவார்.