வண்டி புறப்பட்டது, பாலம் திறந்தது

ஏற்ற தலைமையின் கனத்தால் நாற்காலி முனகுவதையும் பொருட்படுத்தாமல் வீற்றிருக்கும் நம் அரசுச் செய்தி நிறுவனத்தின் இயக்குநர் அவர்களே! அந்த நிறுவனத்தின் வரலாற்றைப் படிக்க நூலாகவும் படுக்கத் தலையணையாகவும் பயன்படும் பருமனில் எழுதித் தந்திருக்கும் தொகுப்பாசிரியர் அவர்களே! செய்தி மேசைக்குப் பிள்ளைகளைத் தாரைவார்த்துவிட்டு, ஆறிய சோற்றோடு காத்திருந்த தாய்மார்களே! காத்திருக்காமல் சாப்பிட்டுப் படுத்துவிட்ட, அவர்களினும் அறிவார்ந்த தாய்மார்களே! தூணுக்குப் பின்னால் ஒளிந்தும் ஒளியாமலும் அமர்ந்திருக்கும் எங்கள் அக்கா அவர்களே! வெளியே மழை என்று ஒதுங்கி வந்து, கதவைச் சாத்திவிட்டதால் மாட்டிக்கொண்ட பொதுமக்களே! உங்கள் அனைவருக்கும் இந்த வானிலைக்காரனின் ஈரமான வணக்கம்.

ஆம், நான் வானிலைக்காரன். இந்த நிறுவனத்தில் மேகங்களுக்கு அமைச்சன், காற்றுக்குக் கணக்குப்பிள்ளை. நான் மழை என்று எழுதினால் குடைக்கடைக்காரர் வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். வெயில் என்று எழுதினால் அந்த மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். என்ன தம்பி, பின்வரிசையில் சிரிப்பு? நம்பாவிட்டால் போ, அந்தப் பெண்ணைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

பெரியோர்களே! இந்த நிறுவனம் பிறந்தது மாளிகையிலா? மண்டபத்திலா? ஓர் அச்சகத்தின் மாடியில், ஒழுகும் கூரையின் கீழ்! ஊர் ஊராகச் செய்தி திரட்டி, நாளிதழ்களுக்கும் வானொலிக்கும் அனுப்புவது எங்கள் வேலை. அனுப்பும் கருவிக்கு டெலிபிரிண்டர் என்று பெயர். அது ஓடத் தொடங்கினால் எதிர்த் தெருவில் புறாக்கள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். அந்த இரைச்சலில் காதல் சொன்னவர்கள் உண்டு. கேட்காமலேயே சம்மதம் சொன்னவர்களும் உண்டு.

அரசு நிறுவனம் அல்லவா? எங்கள் செய்தியில் கெட்டது நடக்காது. எங்கள் செய்தியில் ரயில் தடம் புரண்டதே இல்லை. தண்டவாளம்தான் சற்றே விலகி நின்று ரயிலுக்கு மரியாதை செய்யும். விலைவாசி ஏறியதில்லை, உயர்ந்த இடத்தில் ஓய்வெடுக்கும். சிரியுங்கள், சிரியுங்கள். நாங்களும் அன்று சிரித்துக்கொண்டேதான் எழுதினோம். அந்தச் சிரிப்புக்கு ஒருநாள் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அந்த நாளைச் சொல்லத்தான் வந்தேன்.

உலகில் எந்தச் செய்தி நிறுவனத்திலும் இல்லாத ஒரு வழக்கம் எங்களிடம் இருந்தது. அமைச்சர் எதைத் திறக்கப் போகிறாரோ, அது திறந்தாயிற்று என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவோம். மக்கள் ஆரவாரம் உட்பட. அமைச்சர் வீட்டு வாயிற்காவலர் தொலைபேசியில் அழைத்து, "கிளம்பிட்டாரு" என்பார். அந்த ஒரு சொல்தான் எங்களுக்கு முகூர்த்தம். வண்டி வாசலைத் தாண்டினால் செய்தி கம்பியில் ஏறிவிடும். நோக்கம் புறப்பட்டுவிட்டது, செயலுக்கு என்ன அவசரம்?

அந்த முறை திறக்க வேண்டியது ஒரு பாலம். ஆற்றின் இரு கரையிலும் இரண்டு ஊர்கள். எட்டிப் பார்த்தால் தெரியும், சுற்றிப் போனால் அரைநாள். மேற்கே விடாத மழை. ஆற்றில் வெள்ளம் பெருகும் என்று நான் என் மூலையில் எழுதினேன். வானிலையை அமைச்சரே படிப்பதில்லை, ஆறு எங்கே படிக்கப்போகிறது? காவலர் அழைத்தார். செய்தி போயிற்று. வானொலி தேன் குரலில் வாசித்தது: பாலம் திறந்து வைக்கப்பட்டது, மக்கள் ஆரவாரத்துடன் கடந்து சென்றனர்.

சற்று நேரத்தில் இன்னொரு தொலைபேசி. பாலத்தைக் கட்டிய பொறியாளர். சாலையில் தண்ணீர் ஏறியதால் அமைச்சரின் வண்டி பாதி வழியில் திரும்பிவிட்டது என்றார். நடுத்தூண் ஆட்டம் காண்கிறது, பாலத்தின் குறுக்கே பீப்பாய்களை உருட்டி வைத்திருக்கிறேன், ஆனால் அக்கரையிலிருந்து கூட்டம் வந்து பீப்பாய்களை நகர்த்துகிறது என்றார். பேருந்து ஒன்று ஆட்களோடு காத்திருக்கிறதாம். மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களாம். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "மந்திரி திறந்த பாலத்தை ஒரு இஞ்சினியர் மூடுறதான்னு கேக்குறாங்க. ரேடியோவே சொல்லிடுச்சு, நீ யாருய்யாங்கிறாங்க. நான் என்னங்க பதில் சொல்ல?"

தாய்மார்களே! ஒரு மனிதர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். அவரை நம்பாமல், பார்க்காத எங்களை ஊர் நம்புகிறது. இதைவிடப் பெரிய விருது உண்டா? இதைவிடப் பெரிய தண்டனைதான் உண்டா?

அன்று செய்தி மேசைத் தலைவி எங்கள் அக்கா. என்னைவிட இளையவர், ஆனாலும் அமைச்சரே அக்கா என்று அழைப்பார். இயக்குநராக இருந்தவரோ அக்காவுக்குச் சொந்தச் சித்தப்பா. வேலை வாங்கித் தந்தவரும் அவரே. அக்கா அவர் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் அனைவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனோம்.

செய்தியை ரத்து செய்ய வேண்டும் என்றார் அக்கா. ரத்தா? நிறுவனம் பிறந்த நாள்முதல் அப்படி ஒன்றை அனுப்பியதே இல்லை. தவறினால்தானே ரத்து, நாங்கள்தான் தவறுவதே இல்லையே! சித்தப்பா கொதிக்கவில்லை. கனிவாகத்தான் பேசினார்.

"இன்னிக்கு இல்லேன்னா அடுத்த வாரம் திறக்கத்தானேம்மா போறாங்க? நம்ம செய்தி கொஞ்சம் முந்திப் பிறந்துடுச்சு. குறைமாசக் குழந்தையை யாராச்சும் ரத்து பண்ணுவாங்களா?"

"ஆத்துத் தண்ணி நம்ம செய்தியைக் கேட்டுட்டு வரல, சித்தப்பா. மனுஷங்கதான் கேட்டுட்டு வர்றாங்க."

"அரசாங்கம் தப்பா சொல்லிச்சுன்னு அரசாங்கமே சொல்லணுமா? நாளைக்கு நீ எந்த மேசையில உக்காருவேன்னு யோசிச்சியா?"

"அதை நாளைக்கு யோசிக்கிறேன்" என்றார் அக்கா. திரும்பி நடந்தார். நாங்கள் வழிவிட்டோம். தண்ணீர் குடித்த ஒருவர் வாயிலும் அன்று ஈரம் இல்லை.

டெலிபிரிண்டர் முன் நின்றபடியே அக்கா சொல்லச் சொல்ல, இயக்குபவர் தட்டினார். ரத்து. பாலம் திறக்கப்படவில்லை. தூண் ஆட்டம் கண்டிருக்கிறது. யாரும் கடக்க வேண்டாம். முன்னர் அனுப்பிய செய்தி தவறு, தவறு எங்களுடையது. இயக்குபவரின் கை அங்கே நின்றுவிட்டது. பயந்த குரலில் கேட்டார்.

"கடைசி வரி வேணுமாக்கா?"

"அது இல்லேன்னா மத்த வரியை எவன் நம்புவான்?"

போயிற்று. வானொலி வாசித்தது. இம்முறை தேன் சற்றுக் குறைந்த குரலில். பீப்பாய்கள் நகர்ந்து, பேருந்தின் முன்சக்கரம் பாலத்தின் வாய்க்கு வந்திருந்ததாம். ஓட்டுநர் பாட்டுக்காக வைத்திருந்த வானொலியில் கேட்டுவிட்டு இன்ஜினை அணைத்தாராம். "ரேடியோவே வேணாங்குது, இறங்குங்கப்பா" என்றாராம். பீப்பாய்களை நகர்த்திய அதே கைகள் அவற்றை உருட்டி வந்து பழைய இடத்தில் வைத்தன.

அப்புறம் பாலம் இடிந்து விழுந்ததா என்று கேட்கிறீர்கள். முன்வரிசை ஐயா நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். சாய்ந்து உட்காருங்கள், விழவில்லை! நான் எவ்வளவோ அளப்பவன். விழுந்தது என்று சொன்னால் கதைக்கு அழகு. ஆனால் இந்த ஒரு நாளில் மட்டும் நான் கை வைக்க மாட்டேன். ஆடிய தூண் ஆடியபடியே நின்றது. வெள்ளம் வடிந்தது. சித்தப்பா அக்காவைக் கூப்பிட்டு, "உன் பாலம் நிக்குதேம்மா" என்றார். "நிக்குதுன்னு இன்னிக்குத் தெரியும் சித்தப்பா. அன்னிக்குத் தெரியாதே" என்றார் அக்கா. அந்தப் பதிலுக்குப் பரிசாக என் ராஜ்யத்துக்கு, வானிலை மூலைக்கு, மாற்றப்பட்டார். அன்றுமுதல் மேகங்களுக்கு அவர் அமைச்சர், நான் எடுபிடி.

ஆனால் அவையோரே, பாருங்கள்! எங்கள் செய்தியை மூலையில் போட்டுவைத்திருந்த சிற்றூர் நாளிதழ்காரர்கள் அதன்பின் அழைத்து, இது உறுதிதானே என்று கேட்கத் தொடங்கினார்கள். முன்பு கேட்டதில்லை; நம்பாதவர் எதற்குக் கேட்கப்போகிறார்? தூணைச் சீர்செய்து, பாலம் மெய்யாகவே திறக்கும் நாள் வந்தது. காவலர் வழக்கம்போல் அழைத்து, கிளம்பிட்டாரு என்றார். "கிளம்பட்டும். போய்ச் சேரட்டும்" என்றது செய்தி மேசை. அக்கா அந்த மேசையில் இல்லை. அக்காவின் சொல் அங்கே உட்கார்ந்திருந்தது.

அரசின் வாய் என்று நம்மைக் கேலி செய்கிறார்கள். இருக்கட்டும், வாயாகவே இருப்போம். ஆனால் கெட்டதைத் துப்பத் தெரியாத வாய் உடம்பைக் காக்குமா? கம்பி மாறும், கருவி மாறும், இயக்குநர்கள் மாறுவார்கள். தவறு எங்களுடையது என்ற வரி மாறலாமா? மறையலாமா?

தொகுப்பாசிரியர் அவர்களே, உங்கள் நூலில் அந்தப் பாலம் இருக்கிறது. ரிப்பன் வெட்டும் படம் இருக்கிறது. எவரையும் முந்தி நாமே செய்தி தந்தோம் என்ற பெருமையும் இருக்கிறது. உண்மைதான் ஐயா, பாலத்தையே முந்தினோம்! ஆனால் அந்த ரத்து இல்லை. அக்கா கடைசிப் பக்கத்தில் வானிலைப் பிரிவு என்ற தலைப்பின் கீழ், எனக்கும் ஒரு மழைமானிக்கும் நடுவே நிற்கிறார்.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதோ முடித்துவிடுகிறேன். இங்கு வரும் வழியில் வண்டியில் என் மருமகள் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, நீங்க இன்னும் மேடையே ஏறல. அதுக்குள்ள ரொம்ப நல்லா பேசிட்டீங்களாம்." வாங்கிப் பார்த்தேன். நம் நிறுவனத்தின் செய்தியேதான்! சிறப்புரையாளர், அதாவது அடியேன், நூலில் ஒரு குறையும் இல்லை என்று புகழ்ந்தாராம். அரங்கம் கையொலியால் அதிர்ந்ததாம். என் வண்டி வாசலைத் தாண்டியதும் செய்தி பிறந்துவிட்டது. வாழ்நாளில் ஒருமுறை என்னையும் அமைச்சராக்கினீர்கள், நன்றி!

இப்போது செய்தி மேசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையே, நீ யாராக இருந்தாலும் கேள். நான் குறை சொல்லிவிட்டேன். ஒரு ரத்து அனுப்பு. கடைசி வரியை விட்டுவிடாதே. தயக்கம் வந்தால், இங்கே தூணுக்குப் பின்னால் இருப்பவரை ஒருமுறை நினைத்துப் பார். அடுத்த பதிப்பில் அந்த ரத்தை முதல் பக்கத்தில் வையுங்கள் ஐயா.

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், உறங்காதிருந்த தாய்மார்க்கும், மழை விட்டும் எழுந்து போகாத பொதுமக்களுக்கும் என் நன்றி. செய்தியில் கையொலி பற்றிய வரியையும் ரத்து செய்ய வேண்டுமா, வேண்டாமா என்பதை மட்டும் உங்கள் கைகளிடமே விட்டுவிட்டு அமர்கிறேன். வணக்கம்.