போர்வீரர்களின் கிரகத்தில் ஒருத்தி

நோர்வூட்டிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில் இருபத்திரண்டு பேர் நின்றோம்; டிரைவரோ வளைவிலும் வேகம் குறைக்கவில்லை. எனக்கு முன் இருக்கையில், கொழும்பு வேலைக்குத் திரும்பும் கணவன் கொப்பியில் விண்வெளிக் கதை எழுதிக்கொண்டிருந்தான். ஹட்டன் வரை வழியனுப்ப வந்த மனைவி பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"போர்வீரனுங்களோட சொந்தக் கிரகத்தையே குண்டு வச்சு அழிச்சிரப்போறேன் புள்ள. கத சூடு புடிக்கும்."

"அப்புறம் அவங்க எதுக்குங்க சண்ட போடணும்? திரும்பிப் போக எடம் வேணாமா?"

"எல்லாருந்தான் சண்டைக்குப் போயிட்டாங்களே. அங்க யாரு இருக்கா?"

"என்னைய மாதிரி ஒருத்தி இருப்பா. நான் தேயிலக் கொழுந்தெடுக்கப் போறதாலதானே தோட்டத்துல நாம குடியிருக்கிற லயத்துக் காம்பராவ நமக்கு விட்டு வச்சிருக்காங்க?"

அவன் கொப்பியின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினான்.

"அவளப் பத்தி ஒரு வரிகூட எழுதலியே."

"எழுத வேணாங்க. தீவாளிக்கு வந்தா ரெண்டு நாள் கூட இருந்துட்டுப் போங்க."