நிறுத்தி வைத்த மெயில்

காளவாசல் ஆபீஸில் ஒரே ஒரு அறைக்குத்தான் ஏசி. அதில் மனிதர்கள் இல்லை, மெயில் சர்வர் இருந்தது. சித்திரை வெயிலில் ஏதாவது சாக்குச் சொல்லி நானும் உள்ளே போய் நின்றுகொள்வேன்.

செயலாளர் அவர்களே, சங்க ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டீர்கள், எழுதுகிறேன்.

2001இல் நம் சௌராஷ்டிர சங்கத்துக்கு மெயிலிங் லிஸ்ட் வைக்க அனுமதி கேட்டபோது முதலாளி ஒன்றுதான் சொன்னார்: "வெங்கடேஷ்பாபு, ஆபீஸ் மெயில் ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது." அதனால் பழைய சர்வரில் கை வைக்காமல், அதே மெஷினில் லிஸ்ட் சர்வரைத் தனியாக ஓடவிட்டேன். சங்க முகவரிக்கு வருவதை மட்டும் பழையது புதியதிடம் தள்ளிவிடும். புதியது அதை நிறுத்தி வைத்து என்னைக் கேட்கும். நான் அப்ரூவ் கொடுத்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போகும். கல்யாணம், காதுகுத்து, துக்கம் எல்லாம் என் கை வழியாகத்தான் போயின. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

அமெரிக்காவில் இருந்த ரவிசங்கர் பெண் தேடி லிஸ்டில் எழுதியிருந்தார். இரண்டு ஜாதகங்கள் பொருந்தின. ஒன்று எங்கள் தெரு பத்ரிநாத் மாமாவின் மூத்த மகள் ஸ்வர்ணாவுடையது. இன்னொன்று என் தங்கை காவ்யஸ்ரீயுடையது.

ஒரு நாள் ஸ்வர்ணா ஆபீஸுக்குப் போன் செய்தாள். "அண்ணே, அவரு மெயில்ல ரிப்ளை அழுத்துனா அவருக்கு மட்டும்தானே போகும்? வேற யாருக்கும் போயிறாதுல்ல?"

"அவருக்கு மட்டும்தாம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. பதில்கள் லிஸ்டுக்கே வரும்படி அதற்கு முந்தின வாரம் நானே மாற்றியது அப்போது நினைவில் இல்லை.

அரை மணி நேரத்தில் அவள் மெயில் என் முன்னால் வந்து நின்றது. ஆங்கில எழுத்தில் தமிழ். சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுவதால் மூன்று வருடமாக வரவில்லை, மறைத்துக் கட்டிக்கொள்ள மனசு வரவில்லை, இது உங்களோடு இருக்கட்டும் என்று எழுதியிருந்தாள்.

அழித்திருக்கலாம். அவளுக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து இன்னொரு முறை படித்தேன். பிறகு அப்ரூவ் கொடுத்தேன்.

மறுநாள் மாமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுக்கச் சொன்னார். "மெஷின் பண்ணுன தப்புக்கு நீ என்னப்பா செய்வே?" என்றார். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

வைகாசியில் என் தங்கைக்கும் ரவிசங்கருக்கும் கல்யாணம். இன்றும் அவள் போனில், "எல்லாம் உன்னாலதாண்ணே" என்று சந்தோஷமாகச் சொல்லும்போது ரிசீவரைப் பிடித்திருக்க வெட்கமாக இருக்கிறது.

இளைய மகளுக்காவது வரன் வர வேண்டுமே என்று, யாரோ ஸ்வர்ணா பெயரில் விஷமமாக எழுதியது என்று மாமா வீட்டில் தெருவெல்லாம் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்ன பிறகு வலிப்பு மாத்திரை கேட்டு மருந்துக்கடையில் போய் நிற்க முடியாது. மாத்திரை நின்றது. ஆடியில் ஒரு காலை, தண்ணீர்த் தொட்டி ஓரம் தனியாக இருந்தவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. தொட்டிக்குள் முகம் கவிழ்ந்து கிடந்தாளாம்.

துக்கச் செய்தியை மாமா லிஸ்டுக்குத்தான் எழுதினார். அதுவும் என் முன்னால் வந்து நின்றது. அப்ரூவ் கொடுக்கும் முன், வரும் பதில்கள் அவருக்கு மட்டும் போகும்படி மாற்றி வைத்தேன். ஒரு வீட்டு விஷயம் நாலு பேருக்குப் போய்விடக் கூடாது. அதில் நான் ரொம்பக் கவனமானவன்.