ரெண்டு கையையும் தூக்குங்க

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் கைபேசியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "மச்சான், இன்னொரு தடவ சிரிங்க."

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் குவைத்திலிருக்கும் அவள் கணவர் படுக்கையில் சாய்ந்திருந்தார். சிரித்தபோது வாய் ஒரு பக்கம் மட்டுமே ஏறியது.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

வலது கை பாதியிலேயே விழுந்தது.

"அசதிதான் புள்ள. தூங்கினா சரியாயிடும்." பேச்சு குழறியது.

"தூங்காதீங்க! உங்க கூடப்பொறந்த நானாவும் சவூதியில இதத்தான் சொல்லிட்டுப் படுத்தாங்க. எழுந்திரிக்கவே இல்ல. ரூம்ல யாரு இருக்கா? போனக் குடுங்க."

வேறொரு முகம் வந்தது.

"தம்பி, இது ஸ்ட்ரோக்கு. இப்பவே ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

"விசா முடிஞ்சுபோச்சுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு அண்ணன் பயப்படுறாரு."

"அனுப்பட்டுமே! அவங்க நானாவ மையத்தாக்கூட, உசுரில்லாத உடம்பாக்கூட அனுப்பல, தம்பி. அங்கயே அடக்கிட்டாங்க. கூப்பிடுங்க."

திருமலைராயன்பட்டினம் வந்தது. கூடையைக் காலடியில் வைத்திருந்த அவள் இறங்கவில்லை. நடத்துனர் அவளைப் பார்த்து ஊர்ப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

வாஞ்சூர் தாண்டும்போது கைபேசியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்கக்கா. தூக்குறாங்க. அப்புறமாப் பேசுறேன்."

திரை அணைந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கை அம்மாள் மெதுவாகக் கேட்டார்:

"அவருக்கு எத்தன வயசும்மா?"

"முப்பத்தொம்போது."