அண்ணன்ட ஐடென்டி

— நோறாக்கா, உள்ள ஏறி இரிங்களேன். வெயில் மண்டையப் பொளக்கிது. அந்த ஆமிக் காம்புக் கேட்டுக்கும் ஓட்டோவுக்கும் எத்தின தரம்தான் நடக்கிற? காவல்ல நிக்கிற சென்றிக்காரன் உங்களயே பாத்திட்டு இரிக்கான்.

— பாக்கட்டும் மேன். பதினொரு மாசமா நான் அவனுகளப் பாக்கிறன்தானே. இருக்க ஏலாமக் கிடக்கு அசனார்.

— பத்து மணிக்குக் கூப்பிடுறன் எண்டவன். இப்ப பன்ரெண்டாகப் போகுது. கொஞ்சம் தண்ணியாவது குடிங்க.

— அது என்ன சத்தம்?

— சீனவெடி. பயப்பட வேணாம். சண்ட முடிஞ்சி ஒரு கிழமையாகுது, இவனுகள்ற கொண்டாட்டம் இன்னும் முடியல்ல. காலையில ஓட்டமாவடிச் சந்தியில என்னயும் மறிச்சி வாழையிலையில பாற்சோறு தந்தானுகள். வேணாமெண்டு சொல்ல ஏலுமா? திண்டன்.

— நான் வந்த பஸ்ஸிலயும் ஏறிக் குடுத்தவனுகள். ஒருத்தரும் திங்கல்ல. எல்லாரும் கையில வச்சிட்டு இருந்த.

— நல்லதா நினைங்க. இனி என்ன இரிக்கி புடிச்சி வைக்க? சண்டையே இல்ல. உங்கட மகன், டஸ்டின் தம்பிய உட்டுருவானுகள் பாருங்க. வரக்குள்ள மூண்டு பேரா என்ட ஓட்டோவில ஓட்டமாவடிக்குப் போவம். என்ட பொஞ்சாதி ஸஹீதா சோறு ஆக்கி வச்சிரிப்பா. திண்டிட்டு மட்டக்களப்பு பஸ் ஏறலாம்.

— சண்ட முடிஞ்சிட்டு. அவசரகாலச் சட்டம் முடிஞ்சிட்டா? மாசாமாசம் கொழும்புப் பாராளுமன்றத்தில கையத் தூக்கித் தூக்கி அத நீட்டுறானுகள். பேப்பர்ல வரும். நான் வேறொண்டும் வாசிக்கிறல்ல, அத மட்டும் தேடி வாசிக்கிற.

— அதுவும் மெய்தான். அந்தச் சட்டத்திலதான் என்ட மகள் இனாயாவும் பொறந்தவ.

— அதென்ன கதை?

— பட்டப்பகல் ஊரடங்கு. ஸஹீதாவுக்கு நோவு வந்திட்டு. ஓட்டோவில ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறன், பாலத்தடியில மறிச்சிட்டான். ஐடென்டி காட்ட, அடையாள அட்டைய, எடு எண்டான். அவ பின்னுக்கு இரிந்து கத்துறா, நான் சாரத்தத் தடவுறன், சேட்டத் தடவுறன், சீற்றுக்குக் கீழ தேடுறன். காட் கையில வரக்குள்ள புள்ள வெளிய வந்திட்டு. ஆமிக்காரன் புள்ளயப் பாத்திட்டு, மறுகாவும் காட்ட வாங்கித்தான் பாத்தவன்.

— அந்தக் காட்தான் அசனார், என்ட வீட்டையும் திண்டது.

— ஏன்? மகன்ட ஐடென்டியில ஏதும் பிழையா?

— இப்பிடி வாங்க, இந்தப் பக்கம். சென்றிக்காரனுக்குக் கேக்கும். ஒண்டு சொல்லப் போறன். கேட்டிட்டு என்ன ஏசக் கூடாது.

— நான் ஏன் ஏசுறன்? சொல்லுங்க.

— உள்ள இருக்கிறவன் டஸ்டினில்ல.

— என்ன சொல்லுறீங்க? மாசாமாசம் டஸ்டினப் பாக்க வேணுமெண்டுதானே துண்டு எழுதிக் குடுக்கிறீங்க? நான்தானே சிங்களத்தில நிரப்பித் தாறன்?

— டஸ்டின் என்ட மூத்தவன். அவன் செத்திட்டான். சுனாமியில. உள்ள கிடக்கிறவன் இளையவன், இயன்.

— யா அல்லாஹ். கொஞ்சம் இரிங்க. செத்தவன்ட பேர்ல உசிரோட இரிக்கிறவனா?

— எங்கட வீடு மட்டக்களப்பு டச்பார்ல. முன்னுக்குக் கடல், பின்னுக்கு வாவி. கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் காலம்பர, கேக் மேசையில மூடாமக் கிடக்கு. தண்ணி வந்த உடன டஸ்டின் என்ட மனிசன் ஹியூபர்ட்டத் தூக்கி மதில்ல ஏத்தினான். என்ன இயன் புடிச்சிட்டான். டஸ்டின் அடுத்த வீட்டு மனிசியக் கொண்டுவாறன் எண்டு திரும்பக் கிறுகிப் போனவன். போக வேணாமெண்டு கத்தினன். கையக் காட்டிட்டுப் போனான்.

— மையத்தாவது கிடைச்சிதா?

— மூண்டாம் நாள். வாவிக்கரையில, கண்டல் மரப் பத்தைக்குள்ள. முகம் பாத்துச் சொல்ல ஏலாது. இயன்தான் சேட்டப் பாத்துச் சொன்னவன். அவன் தையல்காரன். கிறிஸ்மஸுக்கு அண்ணனுக்கு அவன் தைச்சுக் குடுத்த சேட். கொலர உள்பக்கம் திருப்பிப் பாத்திட்டு, 'மம்மி, இது என்ட கை' எண்டான்.

— இன்னாலில்லாஹி.

— எங்க பாத்தாலும் சவம். பொலிசும் வரல்ல, பத்திரமும் எழுதல்ல. அண்டைக்கே தாட்டம். குழி வெட்டினவனும் இயன்தான்.

— சரி, செத்தவன்ட ஐடென்டி எப்பிடி இயன்ட கைக்கு வந்த? அதுவும் வெள்ளத்தோட போயிரிக்க வேணுமே?

— டஸ்டின் எஞ்சின் மெக்கானிக். வள்ளத்து எஞ்சின், ஜெனரேட்டர் எல்லாம் பாப்பான். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் ஒரு ஆமிக் காம்புக்கு ஜெனரேட்டர் திருத்தப் போனவன். வாசல்ல காட்ட வாங்கி வைப்பானுகள்தானே? வீட்ட வாற அவசரத்தில எடுக்க மறந்திட்டான். ஜனவரியில நாங்க அகதி முகாம்ல இருக்கக்குள்ள இயன் அந்த வழியாப் போயிருக்கான். சென்றியில நிண்டவன் கூப்பிட்டு, 'ஏய் மெக்கானிக், ஒன்ட காட்' எண்டு கையில குடுத்திட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே முகம்.

— இவரு வாங்கிட்டாரு.

— வாங்காம? அவன்ட காட் வீட்டோட போயிட்டு. புதுசுக்கு அலைஞ்சம். பிறப்புப் பத்திரம் வேணுமெண்டான். பத்திரத்துக்குப் போனா, பதிவுப் புத்தகம் நனைஞ்சி கிடக்கு, காயட்டும் எண்டான். மாசக்கணக்கா காயுது. அதுக்குள்ள அவசரகாலச் சட்டம் திரும்ப வந்திட்டு. காட் இல்லாத பொடியன் எண்டா நேரா லொறியில ஏத்து. பக்கத்துக் கூடாரத்துத் தங்கராசாட மகன் கடையில பாண் வாங்கப் போனவன், காட் இல்ல. அந்தப் பாண் இன்னும் வரல்ல.

— மறுகா?

— அந்தக் கிழமைதான் செத்தாக்கள்ற பேர் பதிய கிராம சேவகர் வந்தவர். 'எந்த மகன்?' எண்டு கேட்டார். டஸ்டின் எண்டு சொன்னா அந்தக் காட்டும் செத்திரும். ஹியூபர்ட் என்னப் பாத்தார். நான் நிலத்தப் பாத்தன். 'இயன்' எண்டார். இயன் பக்கத்தில நிக்கக்குள்ள சொன்னார் அசனார். அண்டையில இருந்து அவன்தான் டஸ்டின். நானும் ரோட்டில கூப்பிடக்குள்ள டஸ்டின் எண்டுதான் கூப்பிட்ட.

— நாலு வருசமா?

— ஒவ்வொரு சுனாமி நாளும் மாதா கோயில்ல செத்தாக்கள்ற பேர் வாசிப்பாங்க. இயன் எண்டு வாசிப்பாங்க. அவன் எழும்பிப் போய்த் தன்ட பேருக்குத் தானே மெழுகுதிரி கொளுத்திட்டு வருவான். டஸ்டினுக்கு ஒரு திரியில்ல, ஒரு பூசையில்ல. புள்ள செத்ததுக்கு வாய்விட்டு அழ ஏலாத தாய் நான்.

— சரி, அழாதீங்க. மறுகா ஏன் புடிச்சானுகள்? காட் இரிந்திச்சிதானே?

— அந்தக் காட்டாலதான் புடிச்சானுகள்! வேற எங்கயோ ஆரையோ புடிச்சி அடிக்கக்குள்ள, டச்பார் டஸ்டின் புலிகள்ற வள்ளத்துக்கு எஞ்சின் திருத்தினவன் எண்டு ஒரு பேர் வந்திருக்கு. சமாதானக் காலத்தில இயக்கமும் வந்த, ஆமியும் வந்த. எஞ்சின் பழுதெண்டா அவன் எல்லாருக்கும்தான் திருத்தினவன். இப்ப இயனக் கட்டி வச்சி, ஆர்ட வள்ளம், எத்தின குதிரைவலு, எங்க கொண்டு போனாய் எண்டு கேக்கிறானுகள். அவன் கால்சட்டை வெட்டுறவன் மேன்! எஞ்சினில கயிறு எந்தப் பக்கம் எண்டே தெரியா. தெரியா எண்டா, மறைக்கிறான் எண்டு இன்னும் அடி.

— நான் டஸ்டினில்ல எண்டு அண்டைக்கே சொல்லியிரிக்கலாமே?

— சொன்னா பொய்ப் பதிவு எழுதின டடியயும் மம்மியயும் தூக்குவானுகள் எண்டு பயந்து வாய மூடிட்டான். இண்டைக்கு நான் சொல்லப் போறன்.

— நோறாக்கா!

— காலம்பர மாதாட முன்னுக்கு முழங்காலில நிண்டு சொல்லிட்டு வந்த. டஸ்டின் செத்திட்டான், அவன்ட குத்தமும் அவனோட போயிட்டு, இவன் ஒரு பாவமும் அறியாத தையல்காரன். எனக்கு விலங்கு போடட்டும். நான் இருக்கிறன் சிறையில, மறியல்ல.

— ஹியூபர்ட் ஐயா என்ன சொன்னாரு?

— இவனக் கொண்டுபோன நாளில இருந்து அவர் வீட்டுக் கேட்டைத் தாண்டினதில்ல. விசயத்தச் சொல்லிட்டு நான் வெளிக்கிட, எழும்பி வந்து குடைய எடுத்துக் கையில தந்தார். அவ்வளவுதான்.

— எனக்கு இது நல்லதாப் படல்ல. இவனுகளுக்கு ஒரு பொய் தெரிஞ்சா, அதுக்குப் பின்னுக்கு நூறு இரிக்கெண்டு தோண்டுவானுகள். கொஞ்சம் பொறுப்பமே. ஒரு லோயரக் கேட்டு…

— பொறுத்துப் பொறுத்துத்தான் ஒரு புள்ளைக்கு ரெண்டு புள்ளையத் தொலைச்சன். இல்ல அசனார். மெய்யச் சொன்னா எனக்கு நித்திரையாவது வரும்.

— அந்தா, கையக் காட்டுறான். உங்களத்தான். இரிங்க, நானும் வாறன். காம்புப் பெரியவனுக்கு அரையும் குறையுமா விளங்கிட்டா இன்னும் வில்லங்கம். சிங்களத்தில நான் நேராச் சொல்லுறன். சேலையச் சரியாப் போடுங்க. முகத்தத் துடைங்க.

— குடைய ஒருக்காப் புடிங்க, முகத்தத் துடைக்கிறன்.

— என்ட தோளப் புடிங்க. ஒண்டுமில்ல. நடங்க.

*

— உட்காருங்க அம்மா. இது யார்?

— நான் ஓட்டோக்காரன் சேர். அசனார். அம்மாக்கு மொழி சொல்ல வந்த.

— தேவையில்லை. எனக்குத் தமிழ் வரும். நான் இந்தக் காம்புக்கு வந்து ரெண்டு வாரம்தான். முன்னால் இருந்தவர் வடக்குக்குப் போய்விட்டார். பழைய ஃபைல் எல்லாம் நான்தான் பார்க்கிறேன்.

— ஐயா, நான் ஒரு உண்மை சொல்ல வந்த. என்ட மகன்ட விசயமா…

— பொறுங்க. முதலில் நான் சொல்றேன். நல்ல செய்தி. கொழும்பில் இருந்து கடிதம் வந்திருக்கு. டஸ்டினுக்கு எதிரா சாட்சி இல்லை. விடுதலை. இன்றைக்கே கூட்டிப் போகலாம்.

— அல்ஹம்துலில்லாஹ்! நோறாக்கா, கேட்டீங்களா? உட்டுட்டானுகள்! நோறாக்கா!

— மாதாவே… என்ட மாதாவே…

— ஆனா ஒரு சிக்கல் இருக்கு அம்மா. போன வெள்ளிக்கிழமை இவன் பேப்பர் கேட்டு வாங்கி ஒரு வாக்குமூலம் எழுதித் தந்தான். தன் பேர் டஸ்டின் இல்லையாம். இயனாம். தம்பியாம். டஸ்டின் சுனாமியில் செத்துப் போனானாம்.

— அவன்… அவனே எழுதினவனா?

— கையெழுத்தும் வைத்திருக்கிறான். நான் விசாரித்தேன். சுனாமியில் செத்தது இயன் என்றுதான் பதிவு. மரணப் பத்திரம் இருக்கு. கீழே உங்க வீட்டுக்காரர் கையெழுத்து. அப்போ இவன் சொல்றது உண்மையா, பத்திரம் உண்மையா?

— சேர், ஒரு பேச்சுக்குக் கேக்கிறன். இவரு இயன் எண்டே வைப்பம். அப்ப என்ன நடக்கும்?

— இயன் என்றால் என்னிடம் விடுதலைக் கடிதம் இல்லை. செத்த ஆள் பேரில் மூணு வருஷம் செக்பொயின்ட் எல்லாம் தாண்டிப் போன ஆள். ஏன் ஒளித்தான்? யாருக்காக? மேலே கேட்பாங்க. புது ஃபைல். மூணு மாசத் தடுப்பு. முடிந்தால் திரும்ப மூணு மாசம். தாய் தகப்பனையும் கூப்பிடணும்.

— சண்டதான் முடிஞ்சிட்டே சேர். வெளிய வெடி கொளுத்துறாங்களே.

— வெடி கொளுத்தச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது தம்பி. ஆளை விசாரிக்காம விடச் சொல்லி ஒன்றும் வரல்ல.

— ஐயா, அந்த விடுதலைக் கடிதம்… அவனுக்குத் தெரியுமா?

— இல்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்றேன். அவனைக் கொண்டு வரச் சொல்லிட்டேன். அதோ வாறான். இந்தப் பக்கம் நில். தாயோட பேசலாம்.

— மம்மி.

— கை என்னடா? ஏன் சுருட்டி வச்சிருக்கிற? காட்டு.

— ஒண்டுமில்ல மம்மி. ரெண்டு விரல் நிமிருறல்ல. சரியாகும்.

— ஏன் மனே எழுதிக் குடுத்த? ஒரு கிழமை பொறுக்கக் கூடாதா?

— எவ்வளவு பொறுக்கிற? அவங்க எஞ்சினப் பத்திக் கேக்கிறாங்க, நான் பொய் பொய்யாச் சொல்லுறன். கடைசியில அண்ணன்ட பேர்ல நான் செய்யாத பாவமில்ல. ஒவ்வொரு நாளும் காலையில டஸ்டின் எண்டு கூப்பிடுவான். 'இருக்கன்' எண்டு கையத் தூக்குவன். அவன் இல்ல மம்மி. நான்தானே அவனத் தாட்டன். அவன அங்கயே கிடக்க உடுங்க. நீங்க சொன்னா இவர் நம்புவார். நான் இயன் எண்டு சொல்லுங்க.

— தம்பி, கொஞ்சம் பொறுங்க. உங்களுக்குத் தெரியாத ஒண்டு…

— ஓட்டோக்காரர், நீங்க பேச வேண்டாம். அம்மா, எனக்கும் ஒரு தாய் இருக்கா. நான் இந்த ஃபைலை மூடத்தான் பார்க்கிறேன். நீங்க பெற்றவங்க, உங்க வாயால் சொல்லுங்க. நான் அதை எழுதிடுறேன். அதுக்குப் பிறகு ஒரு கேள்வியும் இல்லை. இது யார்?

— சொல்லுங்க மம்மி. பயப்படாதீங்க.

— அம்மா?

— நோறாக்கா… எழும்புங்க. நிலத்தப் பாக்காம அவருக்குப் பதில் சொல்லுங்க.

— மம்மி, என்னப் பாருங்க. பேரச் சொல்லுங்க.

— பேனையத் தாங்க ஐயா, எங்க வைக்கிற கையெழுத்து? புள்ளைக்கு அடிபட்டு மூளை குழம்பிக் கிடக்கு. இயன் செத்து நாலு வருசம் முடிஞ்சிட்டு. வா டஸ்டின், வீட்ட போவம்.